68,500 ரூபாய் போச்சு: போட்டில் பேட்டரி மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று நம்ம கரையில் சின்ன பைபர் போட் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தப் பதிவு. 68,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கடை எனக்குச் செய்த அநியாயம் இது. இன்றைக்குக் காலையிலும் போன் அடித்தேன், கட் பண்ணிவிட்டார்கள். கை நடுங்குகிற கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

கடைப் பெயரை இப்போது போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். டவுனில் இன்வெர்ட்டர், சோலார் விற்கிற கடை, ‘போட் வேலையும் செய்யப்படும்’ என்று சொல்லி ஆள் பிடிக்கிற கடை. அவ்வளவு போதும்.

என்னுடையது 22 அடி பைபர் போட். 40 ஹெச்.பி. நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், செல்ஃப் ஸ்டார்ட். அதோடு ஜி.பி.எஸ்., ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ராத்திரி விளக்கு. ஒரே பேட்டரியில் எல்லாவற்றையும் ஓட்டினால் விடியற்காலை திரும்பும்போது செல்ஃப் அடிக்காது. அதனால் ஸ்டார்ட்டுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்று இரண்டு வைக்க முடிவு செய்தேன்.

கடைக்காரரே கரைக்கு வந்தார். டேப் பிடித்து அளந்தார். அணியத்தில், அதாவது முன்மூக்கில், ஒரு கை, பின்பலகையில் ஒரு கை வைத்து ஆட்டிப் பார்த்தார். அப்புறம் எஸ்டிமேட் சீட்டைத் திருப்பிப் போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் என் போட்டை அப்படியே வரைந்தார். பின்னால் மோட்டார் ஏறக்குறைய 100 கிலோ, 50 லிட்டர் பெட்ரோல் 37 கிலோ, சுக்கான் பிடிக்கிற ஆள் 70 கிலோ என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டார். “இவ்வளவும் ஏற்கெனவே வாலில் உட்கார்ந்திருக்கு தம்பி. இதுக்கு மேல 60 கிலோ பேட்டரியையும் பின்னால வச்சா போட் மூக்கைத் தூக்கிக்கிட்டுப் போகும். நான் நடுவுல, ஏராவுக்கு நேர் மேல, அடியோட அடியா வைக்கிறேன்” என்று நட்டநடுவில் இரண்டு பெட்டி வரைந்தார். (ஏரா என்றால் போட்டின் அடியில் நீளவாக்கில் ஓடுகிற முதுகெலும்பு.) எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிட்டார். கணவாய்த் தொக்கை இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொண்டே என் அம்மாவிடம், “ஆத்தா, பேட்டரி விக்கிறவன் ஆயிரம் பேரு இருக்கான். பேலன்ஸ் பாத்து வைக்கிறவன் நான் ஒருத்தன்தான். உங்க மகன் உசுருக்கு நான் பொறுப்பு” என்றார். அதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அவர் வரைந்தது அத்தனையும் சரியான கணக்கு என்பதுதான் இன்னும் எரிகிறது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருக்கலாம்.

கடல் பேட்டரி, டீப் சைக்கிள் (அடிக்கடி ஆழமாகச் சார்ஜ் இறங்கினாலும் தாங்குகிற வகை), 100 ஆம்பியர்-அவர், ஒன்று 26,000 வீதம் இரண்டுக்கு 52,000. பெட்டி, காப்பர் கேபிள், மாற்று சுவிட்ச், கூலி 16,500. மொத்தம் 68,500. என் பழைய பேட்டரியையும் எடுத்துக்கொண்டார். பில் கேட்டதற்கு, “பில் போட்டா வரி ஏறும் தம்பி, வாரண்டிக்கு நானே இருக்கேன்ல” என்றார்.

வேலைக்கு வந்தது இரண்டு பையன்கள். நடுவில் வைக்கவில்லை. பின்னால் பெட்ரோல் டேங்க் இருக்கிற மூடிய பெட்டிக்குள்ளேயே, வலப்பக்கமாக இரண்டு பேட்டரியையும் தள்ளிவிட்டார்கள். கேட்டால், “மொதலாளி இப்படித்தான் வைக்கச் சொன்னாரு.” அவரிடம் போனில் கேட்டால், “அடிக்கணக்குல உங்க போட்டுக்கு அதான் தம்பி சரி, பசங்களுக்குப் பணத்தைக் குடுத்து அனுப்புங்க.” காரணம் பிறகுதான் தெரிந்தது: நடுவில் வைத்தால் தடித்த காப்பர் கேபிள் நீளமாக வேண்டும். கேபிள் விலையை மிச்சம் பிடிக்க என் போட்டின் பேலன்ஸைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

தண்ணீரில் இறக்கிய அன்றே தெரிந்துவிட்டது. வலப்பக்கம் சாய்ந்து நின்றது. வேகம் கொடுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, முன்னால் வலை மிதப்பு கிடக்கிறதா, இன்னொரு வல்லம் வருகிறதா ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்கு மேலே ஏறி ஓட வேண்டிய போட் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டே வந்தது. இன்னும் வேகம் கொடுத்தால் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதைப் போல மூக்கு ஏறி ஏறி விழுந்தது. பெட்ரோல் குடித்ததைச் சொல்லி மாளாது.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த மூடிய பெட்டி. சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து, டெர்மினலுக்கு மூடிகூடப் போடாமல் விட்டிருந்தார்கள். ஒரு ஸ்பானர் நழுவி விழுந்து பொறி பறந்தால் கதை முடிந்தது.

சண்டை போட்டதற்கு அப்புறம் அதே பையன்களை அனுப்பி ‘சரி செய்து’ கொடுத்தார்கள். எப்படி? இந்தத் தடவை இரண்டையும் கொண்டுபோய் அணியத்தின் மூக்கிலேயே கட்டினார்கள்! கட்டினார்கள் என்று சொல்வதும் தப்பு, நைலான் கயிறு ஒரு சுற்று. கேபிளைப் புதிதாகப் போடவில்லை, இருந்த 16 ஸ்கொயர் எம்.எம். கேபிளோடு இன்னொரு துண்டை முறுக்கி டேப் சுற்றினார்கள்.

மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்டில் அலை அதிகமாக அடிக்கிற இடம் மூக்குதான். ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கி அறைகிற இடத்தில் பேட்டரியை வைத்தால் உள்ளே தகட்டில் இருக்கிற பூச்சு உதிரும், இணைப்பு விட்டுப்போகும். மூக்கில் கனம் இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அலை பின்னாலிருந்து தள்ளும்போது மூக்கு தண்ணீரில் குத்தும், பின்பக்கம் பக்கவாட்டில் சுற்றும். நானும் மச்சானும் திரும்பி வரும்போது அப்படிச் சுற்றியதில் மோட்டார் நின்றது. செல்ஃப் அடித்தால் டிக், டிக் என்ற சத்தம் மட்டும். கயிறு தளர்ந்து ஒரு பேட்டரி சரிந்து கிடந்தது, டேப் சுற்றிய இடம் தொட முடியாத சூடு. நங்கூரம் போட்டுக் காத்திருந்து, பாம்பன் வல்லம் ஒன்று இழுத்து வந்ததால்தான் கரை சேர்ந்தோம். அந்த அண்ணன்மாருக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

பாம்பனில் போட் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். அவர் கணக்கு போட்டுக் காட்டினார். அணியத்திலிருந்து மோட்டாருக்கு 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். செல்ஃப் 150 ஆம்பியர் இழுத்தால் 16 ஸ்கொயர் எம்.எம். காப்பரில் 1.7 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடும். 35 ஸ்கொயர் எம்.எம். கேபிள் போட்டால் 0.8 வோல்ட்தான். முறுக்கிய ஜாயிண்டில் போகிறது தனி.

அதோடு விட்டதா? அவர் பேட்டரி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். ‘மரைன்’ என்று நீல எழுத்து போட்ட ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர், மங்கிப்போன சிவப்பு. அதில் ஒரு டிராக்டரின் பின்சக்கரம் பாதி தெரிந்தது. மூடியில் சீரியல் நம்பர் இருந்த இடத்தை ஆக்சா பிளேடால் சுரண்டியிருந்தார்கள். டிராக்டர் பேட்டரி, அதுவும் பழசு. அதற்குத்தான் 52,000. மொத்தமாக 68,500.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இழுத்தடிப்புதான். “கம்பெனி ஆள் வருவாரு, வந்து பாப்பாரு.” வரவில்லை. “கடையில மொதலாளி இல்ல, மதுரைக்குப் போயிருக்காரு.” உள்ளே அவர் குரல் கேட்கிறது. “கடல் தண்ணி பட்டா வாரண்டி கெடையாது.” கடலுக்கு என்று சொல்லித்தானே விற்றீர்கள்! “ஸ்டிக்கரை நீங்களே ஒட்டியிருப்பீங்க.” கடைசியாக, “பில் இருக்கா?” பில் வேண்டாம் என்று சொன்ன அதே வாய். வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினேன், பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பிறகு பிளாக். எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதர், என் அம்மா போய் நின்றபோது யாரென்றே தெரியாதது போல, “அந்தப் பக்கம் நில்லுங்க, வியாபாரம் நடக்குது” என்றார். 68,500 ரூபாயை எப்படியாவது உழைத்துச் சம்பாதித்துவிடலாம். அந்த வார்த்தையை நான் விடமாட்டேன்.

எங்கே வைப்பது என்று விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். மூக்கிலும் வேண்டாம், பின்பலகையை ஒட்டியும் வேண்டாம். நடுவில், அல்லது நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், ஏராவின் நேர்கோட்டில், முடிந்த மட்டும் கீழே. ஆனால் அடியில் தேங்குகிற தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், உப்புத்தண்ணீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும். 900 கிலோ போட்டில் 60 கிலோவை இரண்டரை மீட்டர் முன்னால் நகர்த்தினால் மொத்தக் கனமும் நிற்கிற புள்ளி 17 சென்டிமீட்டர் முன்னால் வரும், அந்த வித்தியாசத்தை ஓட்டும்போதே உணரலாம். பெட்டியை போல்ட் போட்டு இறுக்கி, பட்டை போட்டுக் கட்டுங்கள். 90 பவுண்டு விசையில், அதாவது சுமார் 40 கிலோ இழுவையில், ஒரு நிமிடம் இழுத்தாலும் ஒரு இன்ச்சுக்கு மேல் அசையக் கூடாது என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி. நம்ம கடலும் அதே கடல்தான். பெட்ரோல் டேங்கிலிருந்து தள்ளி வையுங்கள், காற்றோட்டம் விடுங்கள், ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். வாங்கும்போதே ஸ்டிக்கரை நகத்தால் நெம்பிப் பாருங்கள், சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள். பில் இல்லையென்றால் பேட்டரியும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் ஜி.பே. கணக்கு, வாட்ஸாப் பேச்சு, அவர் கையெழுத்து போட்ட சீட்டு எல்லாம் ஆதாரம்தான் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். என்னிடம் மூன்றும் இருக்கிறது. இதே மாதிரி நீல ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரியை வேறு யாராவது டவுனில் வாங்கியிருந்தால் உடனே எனக்கு மெசேஜ் போடுங்கள். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன், சேர்ந்தே போவோம்.