இதயத்தில் கருவி இருப்பவர் உடல் கொழுப்பை அளக்கலாமா? மின்தராசு, டெக்ஸா, இஞ்ச் டேப்

நீலகிரியில் பேஸ்மேக்கரோ (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) ஐசிடியோ (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி) பொருத்திக்கொண்ட பலர், கருவியைச் சோதிக்கக் கோவைக்கு மலையிறங்க வேண்டியிருக்கிறது. கொழுப்பு, தசை, நீர் எல்லாம் காட்டும் மின்தராசோ ஊட்டி, குன்னூர் வீடுகளுக்கே வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

அந்தத் தராசு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மாறுதிசை மின்சாரத்தை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில், உடலுக்குள் செலுத்துகிறது. நமக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இதயத்தின் நுண்ணிய மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பேஸ்மேக்கரின் வேலை. வெளி மின்சாரத்தை இதயத்துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், தான் தர வேண்டிய துடிப்பை அது நிறுத்திவிடலாம். ஐசிடி அதையே ஆபத்தான துடிப்பு என்று கருதி ஷாக் கொடுக்கலாம். தயாரிப்பாளர்கள் "வேண்டாம்" என்று அச்சிடுவது இதனால்தான்.

நடைமுறையில் அப்படி ஆகிறதா? நோயாளிகளை ஈசிஜி கண்காணிப்பில் வைத்து நடத்திய சில ஆய்வுகளில் இடையூறு எதுவும் பதிவாகவில்லை. தெரியாமல் ஒருமுறை ஏறிவிட்டவர் பதற வேண்டியதில்லை என்பதற்கு அதுவே போதும். அதேசமயம் 2023இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் கணினி மாதிரியிலும் ஆய்வகத்திலும் சோதித்தபோது, இப்படி மின்சாரம் செலுத்தும் தராசு, ஸ்மார்ட் கைக்கடிகாரம், ஸ்மார்ட் மோதிரம் ஆகியவை கருவியைக் குழப்ப வாய்ப்புண்டு என்று கண்டார்கள். என் முடிவு இது: கண்காணிப்போடு மருத்துவமனையில் என்றால் மருத்துவர் சொல்லட்டும், வீட்டிலும் ஜிம்மிலும் வேண்டாம். கையிலும் பிடித்துக்கொள்ளும் மெஷினில் மின்சாரம் மார்பு வழியாகவே போகும், அதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, இங்குள்ள குளிர். தோல் குளிர்ந்திருந்தால் மின்தடை கூடும். கொழுப்பு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். இதயச் செயலிழப்பில் உடலில் நீர் தேங்கினாலும், நீர் மாத்திரையால் இறங்கினாலும் கணக்கு மாறிவிடும். நம்ப முடியாத எண்ணுக்காக எதற்கு ஆபத்து?

கொழுப்பு, தசை, எலும்பைப் பிரித்துக் காட்டும் ஸ்கேனான டெக்ஸாவில் இந்த மின்சாரமே கிடையாது. மிகக் குறைந்த அளவு எக்ஸ்ரேதான், கருவிக்குப் பயமில்லை. கருவியின் உலோகம் மார்புப் பகுதிக் கணக்கைத் தவறாக்கலாம், அதனால் கருவி இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் அடிக்கடி எடுக்கும் பரிசோதனை அல்ல இது.

வீட்டில் இஞ்ச் டேப்பே போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். தசை குறைகிறதா என்று பார்க்கப் பலரும் கெண்டைக்காலை அளக்கிறார்கள். கால் வீங்கும் இதய நோயாளிக்கு அது ஏமாற்றும். மேற்கையை அளப்பது மேல்.

எடை பார்க்க, பாதம் வைக்குமிடத்தில் உலோகத் தகடோ கண்ணாடியில் மின்பூச்சோ இல்லாத சாதாரணத் தராசு வாங்குங்கள். டிஜிட்டலாக இருந்தாலும் அது எடையை மட்டும் அளக்கும், மின்சாரம் செலுத்தாது. காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன் ஒரே மாதிரி உடையில் ஏறி எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குவதாக இருக்கலாம், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.