ஆறு வருடமாக என் பறவைகள் பிய்த்துப் போட்ட பொம்மைகள்

எங்கள் சின்னக் கிளி நீலுவின் வலது காலில் நூல் சுற்றியிருந்ததை ஒரு மாலையில்தான் பார்த்தேன். கூண்டில் தொங்கிய பருத்திக் கயிற்று ஊஞ்சல், வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. முனை பிரிந்து பஞ்சாகத் தொங்கியதில் ஒரே ஒரு இழை அவள் விரலை இறுக்கியிருந்தது. அவள் எழும்பிப் பறக்க, கயிறு வெடுக்கென்று பின்னால் இழுத்தது. துணியில் பொதிந்து பிடித்துக்கொண்டு, முதலில் கயிற்றை அறுத்தேன். அப்புறம் விரலில் இருந்த இழையை ஊசி முனையால் நெம்பி நெம்பி வெட்டி எடுத்தேன். விரல் வீங்கிச் சிவந்து கிடந்தது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர். அதன் பிறகு எங்கள் கூண்டுக்குள் பருத்திக் கயிறு போனதில்லை. அந்தப் பிசிறுகளை விழுங்கினாலும் ஆபத்துதான். தீனிப்பையில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்.

எங்களிடம் இருப்பவை நீலு, பச்சை என்று இரண்டு பட்ஜிகள் (பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான்), ஒரு காக்டீல் (தலையில் கொண்டை உள்ளது). எல்லாமே கிளி இனம்தான். ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். நமக்கு ஒன்றுமே இல்லாத ஒரு நூல், ஒரு கம்பித் துணுக்கு, அந்த உடம்புக்கு மிகப் பெரிது. ஆறு வருடத்தில் நான் வாங்கியதில் பாதிக்கு மேல் தூக்கிப் போட்டாயிற்று.

பச்சை தனியாக இருந்த காலத்தில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினேன். துணைக்கு ஒரு முகம் தெரியட்டும் என்ற எண்ணம். இரண்டே வாரத்தில் அவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. தின்றதைக் கக்கி அந்தப் பிம்பத்துக்கு ஊட்டிக்கொண்டே இருந்தான்; யாராவது கிட்டே போனால் கொத்தினான். கழற்றிய பிறகு பழையபடி ஆக ஒரு மாதம் பிடித்தது. அவனுக்குத் தேவைப்பட்டது உயிருள்ள துணை. அப்படி வந்தவள்தான் நீலு.

மென்மையான துணியில் கூடாரம் மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். நீலு உள்ளே புகுந்து அதைக் கூடு என்று எடுத்துக்கொண்டு முட்டையிட ஆரம்பித்துவிட்டாள். ஓயாமல் முட்டையிட்டால் உடம்பில் கால்சியம் தீர்ந்துபோகும், முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். போதாததற்கு அந்தத் துணியின் பிசிறு வேறு. தயவுசெய்து வாங்காதீர்கள்.

எனக்கு அதிகம் பயம் உலோகத்தில்தான். கிளி இனம் எதையும் அலகால் சுரண்டி, நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். ஜி.ஐ. கம்பியின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் நஞ்சாகும்: பறவை சோர்ந்து உட்காரும், நிறையத் தண்ணீர் குடிக்கும், வாந்தி எடுக்கும், எச்சம் பச்சையாகப் போகும். ஈயம் இதைவிட மோசம். அதனால் எங்கள் கூண்டில் கொக்கி, கம்பி, திருகு வளையம் எல்லாமே எவர்சில்வர். விலை கூடத்தான், ஆனால் முதல் வருடம் வாங்கிய எவர்சில்வர் குத்துக்கம்பி (பொம்மைத் துண்டுகளைக் கோத்துத் தொங்கவிடும் கம்பி) இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மொத்தத்தில் நான் வாங்கிய சிறந்த பொருள் அதுதான். சாவிக்கொத்து வளையமும் நாய்ச் சங்கிலிக் கொக்கியும் வேண்டாம், அந்த இடுக்கில் அலகும் விரலும் மாட்டும். மணியிலும் கீறல் வாய் வைத்த உருண்டைச் சலங்கை கூடாது. வாய் திறந்த மணி பரவாயில்லை, நாக்கைக் கழற்ற முடியாதபடி இருந்தால்.

வளையம், ஊஞ்சல் வாங்கும்போது ஓட்டையைப் பாருங்கள். ஒன்று, தலையே நுழையாத அளவு சின்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முழு உடம்பும் தாராளமாக வந்துபோகும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். நடுத்தரமான ஓட்டையில்தான் கழுத்து மாட்டும்.

இப்போது எங்கள் பொம்மைகளில் முக்கால்வாசி வீட்டில் செய்ததுதான். கொய்யாக் கிளையை வெட்டி நன்றாகத் தேய்த்துக் கழுவி, பட்டையோடு வெயிலில் காயவைத்து மாட்டினால், பட்டையை உரிப்பதிலேயே இரண்டு நாள் போகும். மருந்து தெளித்த மரம் கூடாது. அரளி, வெண்ணெய்ப்பழ மரம் இரண்டும் நஞ்சு, பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஒட்டுப்பலகையில் பசை இருக்கிறது, பெயிண்ட் அடித்த பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இத்தனையிலும் எங்கள் வீட்டில் ஜெயித்தது வெறும் வெள்ளைத் தாள். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, விசிறி மாதிரி மடித்து, நடுவில் ஓட்டை போட்டு, குத்துக்கம்பியில் ஒரு மடிப்பு, ஒரு அட்டைத் துண்டு, மறுபடி ஒரு மடிப்பு என்று கோத்துவிடுவேன். சில மடிப்புகளுக்குள் நாலைந்து தினை மணிகளை வைத்து முறுக்கிவிடுவேன். பச்சை முதலில் தலையைச் சாய்த்துக் கேட்பான். அப்புறம் ஒரு காலால் கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, ஓரத்திலிருந்து கொறித்துக் கொறித்து மணி இருக்கும் இடத்துக்கு வந்து சேருவான். அரை மணி நேரம் ஆகும். காட்டுப் பட்ஜிகள் நாளில் நிறைய நேரம் தரையில் விதை தேடித்தான் திரிகின்றன. கிண்ணத்தில் கொட்டிவைத்தால் அந்த வேலை முழுவதும் அதற்கு இல்லாமல் போகிறது. தாளில் பின்னோ டேப்போ இருக்கக்கூடாது, வழவழப்பான பத்திரிகைத் தாளும் வேண்டாம். பிஞ்சஸ் (குருவி போன்ற சின்னப் பறவைகள்) வளர்ப்பவர்களுக்கு இது அவ்வளவாகப் பயன்படாது. அவை கடித்து விளையாடும் ரகம் இல்லை. நல்ல ஊஞ்சலும் பறக்க இடமும் கொடுத்தால் போதும்.

தினமும் விளக்கணைக்கும் முன் ஒவ்வொரு பொம்மையையும் விரலால் தடவிப் பார்க்கிறேன், பிசிறு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று. ஒரு நிமிட வேலை. வாரம் ஒருமுறை இரண்டை எடுத்துவிட்டு இரண்டை மாற்றுவேன். புதியதை ஒரேயடியாக உள்ளே வைத்தால் காக்டீல் மிரண்டு இரவெல்லாம் அடித்துக்கொள்ளும், அதனால் முதல் சில நாள் வெளியே கண்ணில் படும் தூரத்தில் மாட்டி, பிறகு மெல்லக் கிட்டே கொண்டுபோவேன்.

போன வாரம் கொட்டாங்குச்சியை வழவழவென்று தேய்த்து ஒரு ஊஞ்சல் செய்தேன். இன்னும் கூண்டுக்கு வெளியேதான் தொங்குகிறது. இன்று காலை நீலு கம்பி வழியாகக் கழுத்தை நீட்டி ஓரத்தை ஒரு கடி கடித்துவிட்டு, சட்டென்று மேல் கிளைக்கு ஓடிவிட்டாள். காக்டீல் இன்னும் கொண்டையைத் தூக்கியபடி தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது.