சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்த குஞ்சுகள்: குஞ்சோடு நார்க்கழிவும் மருந்தும் விற்பவர்களிடம் கவனம்

போன ஐப்பசியில் 150 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். ஒருநாள் குஞ்சு, ஒன்று 45 ரூபாய். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய மாட்டுக்கொட்டகை சும்மா கிடந்தது, அதில் வளர்க்கலாம் என்று ஆசை. போனில் பேசியவர் இனிக்க இனிக்கப் பேசினார். "குஞ்சு மட்டும் வாங்கி என்னங்க்கா பண்றது? கீழே விரிக்க தேங்காய் நார்க்கழிவும் நம்மகிட்டயே இருக்குதுங்க." ஆறு மூட்டை, 900 ரூபாய். சரி, அலைச்சல் மிச்சம் என்று நினைத்தேன்.

காய்ந்த நார்க்கழிவு மூட்டையை நானே தூக்கிவிடுவேன். இதை இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். வாயைப் பிரித்து மேலாக அள்ளிப் பார்த்தேன், உலர்ந்துதான் இருந்தது. நடுவில் கையை விட்டுப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஏழெட்டுக் குஞ்சுகள் ஓரமாக ஒதுங்கி நின்றன. கழுத்தை மேலே நீட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஒன்றுக்கு ஒரு கண் மட்டும் வீங்கி மூடியிருந்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன். "சளிதானுங்க்கா, பவுடர் அனுப்பறேன், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். 850 ரூபாய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் அனுப்பிய பொட்டலத்தில் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் பிளாஸ்டிக் கவரில் வெள்ளைத் தூள். அதையும் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். எட்டாம் நாளுக்குள் 41 செத்தன.

பிறகுதான் புத்தி வந்து, அன்று காலை செத்த மூன்றை ஐஸ் கட்டியோடு பையில் போட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி லைட்டை மறைச்சுட்டு நின்னு கேட்டீங்களாம்மா? கொர்கொர்னு சத்தம் வருதா?" வரவில்லை. வாய்தான் பிளந்ததே தவிர ஒரு சத்தமும் கிடையாது. சளி நோயில் பெரும்பாலும் சத்தம் வரும், தும்மல் இருக்கும், மூக்கு ஒழுகும் என்றார். அறுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனி அளவு நுரையீரலில் தினை தினையாக வெளிர்மஞ்சள் கட்டிகள்.

பூஞ்சை. குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும் புரூடர் நிமோனியா என்பது இதுதான். ஈர நார்க்கழிவில் பூசணம் பிடித்துவிடுகிறது. குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டுமென்று பல்பு போடுகிறோம். அந்தச் சூட்டில் மேல்பகுதி காயக் காய, பூஞ்சை வித்து தூசியாகக் கிளம்புகிறது. குஞ்சு நாளெல்லாம் அதைக் கிளறிக் கிளறி மூச்சில் இழுக்கிறது. கிருமிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எதுவும் பூஞ்சையைத் தொடாது. குஞ்சு பொரிக்கும் எந்திரம் சுத்தமில்லாவிட்டால் அங்கிருந்தே தொற்றி வருவதும் உண்டாம். ஆனால் என் விஷயத்தில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து பிரிக்காத மூட்டை ஒன்றைக் கிழித்துக் கொட்டினால் உள்ளே சாம்பலும் பச்சையுமாகக் கட்டி கட்டியாக இருந்தது. புகை மாதிரி தூசி எழும்பி, எனக்கே இரண்டு நாள் இருமல். அள்ளுகிறவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அத்தனையையும் வாரி எடுத்து, தரையை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, வெயிலில் உலர்த்திய உமியைப் பரப்பினோம். ஏற்கெனவே மூச்சு வாங்கியவை பிழைக்கவில்லை. அதற்கப்புறம் புதிதாக எதுவும் விழவில்லை. கடைசிக் கணக்கு: போனது 68, மிஞ்சியது 82.

நார்க்கழிவு வாங்கினால் மூட்டையின் நடுவில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டை பிடித்தாலோ பூசண வாடை அடித்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள். குஞ்சு வாய் பிளந்தால் விற்றவரிடம் மருந்து கேட்காதீர்கள். செத்ததை அன்றைக்கே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நாமக்கல்லுக்குப் பக்கமாக இருப்பவர்களுக்கு அங்கே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழி நோய் ஆய்வுக்கூடமே இருக்கிறது.

மூட்டைப் படத்தை அந்த ஆளுக்கு அனுப்பினேன். "உங்க கொட்டகையில மழைச்சாரல் அடிச்சிருக்கும்" என்று ஒரு வரி பதில் வந்தது. அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். போன வாரம் வேறொரு எண்ணில் அவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது. 200 குஞ்சு வாங்கினால் நார்க்கழிவு இலவசமாம்.