"அடாப்டர் போட்டா அம்புட்டும் போகும்ணே": நம்பி வாங்கி நான் பட்டது

கல்யாணப் படம் எடுக்கிற தம்பிகளே, பழைய டிஎஸ்எல்ஆரைக் கொடுத்துவிட்டு மிரர்லெஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வைகாசியில் என் நிக்கான் டி750 பாடியை எக்ஸ்சேஞ்ச் போட்டு இசட் சிக்ஸ் டூ என்கிற மிரர்லெஸ் பாடி வாங்கினேன். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. பையில் இருந்த லென்ஸை எல்லாம் கவுண்டர் மேல் பரப்பி வைத்துத்தான் கேட்டேன்: 24-120, 50 1.8 டி, 85 1.8 டி, 80-200 2.8 டி. கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "எஃப்டிஇசட் அடாப்டர் ஒண்ணு போட்டா அம்புட்டும் போகும்ணே, ஃப்ளாஷும் அப்படியே மாட்டிக்கலாம்" என்றார். பழைய லென்ஸைப் புதுப் பாடியில் பொருத்தும் இடைவளையம்தான் அந்த அடாப்டர். வீட்டில் 24-120 மட்டும் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக ஃபோகஸ் ஆனது.

மறுவாரம் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம். கூட்டத்துக்குப் பின்னால் நின்று 80-200 மாட்டி ஷட்டரைப் பாதி அழுத்தினால் லென்ஸ் அசையவில்லை. கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. கையால் வளையத்தைத் திருகித் திருகி எடுத்தேன். பன்னிரண்டு படத்தில் மூன்றுதான் தெளிவு. மூன்றாவது முடிச்சு போடும்போது பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்தப் படம் மங்கல். அதை அந்த வீட்டுக்குத் திருப்பித் தர என்னால் முடியாது.

காரணம் எளிது. பெயர் முடிவில் டி போட்ட இந்த மாதிரிப் பழைய லென்ஸைத் திருப்பி, பாடியில் பூட்டும் மவுண்ட் பக்கம் பாருங்கள். ஓரத்தில் ஸ்க்ரூ தலை மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். டி750 பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அதில் செருகி லென்ஸைச் சுழற்றும். எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை, பின்னால் வந்த எஃப்டிஇசட் டூவிலும் இல்லை. அப்பெர்ச்சர், மீட்டரிங் எல்லாம் வேலை செய்யும், ஃபோகஸ் மட்டும் நம் கையில். என் 24-120 ஏஎஃப்-எஸ், அதற்குள்ளேயே மோட்டார் உண்டு, அதனால்தான் ஓடியது.

ஃப்ளாஷ் கதையும் பாதிதான். என் எஸ்பி-700 ஃப்ளாஷ், கேமரா தானே வெளிச்சத்தை அளந்து அடிக்க வைக்கும் டிடிஎல்லில் சரியாக அடிக்கிறது. ஆனால் இருட்டு மண்டபத்தில் ஃபோகஸுக்கு உதவும் அதன் சிவப்பு விளக்கு இசட் பாடியில் எரியவே எரியாது. சோனிக்கோ கேனானுக்கோ மாறுகிறவர்களுக்கு நிக்கான் ஃப்ளாஷில் டிடிஎல்லும் கிடைக்காது, மேனுவல்தான். அப்பா காலத்து விவிடார் 283 ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் முதலில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். பழைய பீஸ் சிலவற்றில் ட்ரிகர் வோல்டேஜ், அதாவது கேமராவில் மாட்டும் முனையில் வரும் மின்னழுத்தம், 200-ஐத் தாண்டும், அதைத் தாங்காத பாடிகள் உண்டு.

கடைக்குத் திரும்பிப் போனேன். "மாட்டும்னுதானே சொன்னேன்" என்றார். என் டி750-ஐ அதற்குள் விற்றுவிட்டார்களாம். லென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த மனிதருக்கு அந்தப் பள்ளம் தெரியாமல் இருந்திருக்காது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் போகும்போது உங்கள் லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாவற்றையும் அந்தப் பாடியிலேயே மாட்டி, கடையில் விளக்கு குறைவான மூலையில் வைத்து ஃபோகஸ் பாருங்கள். எது எது ஆட்டோஃபோகஸில் ஓடும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. அதனால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னபோது வாய்ப்பேச்சைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை. புகார் இன்னும் நிலுவையில்தான். ஆவணி முகூர்த்தங்களுக்கு மேலூரில் ஒரு நண்பரிடம் டி750 இரவல் கேட்டிருக்கிறேன்.