கணினி ஸ்பீக்கருக்கு விலையுயர்ந்த ஒயரா, சாதாரணச் செம்பு ஒயரா?

மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் கணினியில் நல்ல பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால், மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்குத்தான் போவார்கள். அங்கே சாதாரணச் செம்பு ஒயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பின்னல் உறையும் பொன்முலாம் முனையும் கொண்ட ஒயரோ ஸ்பீக்கரின் விலையையே தொட்டுவிடும். மும்பை வீட்டு மேசைக்கு நான் தயங்காமல் சொல்வது சாதாரணச் செம்பு ஒயரைத்தான்.

காரணம் மின்தடை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு 2 மீட்டர் தூரம் என்றால், போக வர 4 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனில் அதன் தடை ஏறத்தாழ 0.05 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் ஏற்படும் இழப்பும் 0.05 டெசிபெல் அளவுதான். 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மாறினால் அது 0.03 ஆகும். இந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் எட்டாது. விலையுயர்ந்த ஒயரும் இதே கணக்குக்குள்தான் அடங்க வேண்டும்.

ஒயர் உண்மையிலேயே கெடுக்கும் இடமும் உண்டு. 4 ஓம் ஸ்பீக்கரை 10 மீட்டர் தள்ளி வைத்து, 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரால் இணைத்தால் இழப்பு ஒரு டெசிபெல்லைத் தாண்டும். ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால் ஒலியின் நிறமும் சற்று மாறும். அதற்கும் தடித்த செம்பு ஒயரே போதும். ஆனால் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. செம்பு என்று சொல்லி இதை விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் இரைச்சலைக் கவனியுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் ‘ம்ம்’ என்ற ஒலி நின்றுவிட்டால், குற்றவாளி பெரும்பாலும் எர்த் இணைப்பில் உண்டாகும் சுற்று. ஸ்பீக்கர் ஒயரை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வைத்தாலோ, வசதியிருந்தால் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் இணைப்புக்கு மாறினாலோ போகும். கணினியின் உள்ளேயே கரகரப்பு எழுந்தால், டிஜிட்டல் ஒலியைக் கணினிக்கு வெளியே அனலாக் ஒலியாக மாற்றித் தரும் யுஎஸ்பி டிஏசி கருவி உதவும்.

செலவே இல்லாத வழி, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்து, உயர் ஒலி ட்வீட்டரைக் காது மட்டத்துக்கு உயர்த்துவது. சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கி, பாடகரின் குரலை விழுங்கிவிடும். இந்த மாற்றம் முதல் பாட்டிலேயே கேட்கும்.

கடற்காற்று வீசும் ஊர் இது. திறந்த செம்பு முனை கறுத்தோ பச்சை படிந்தோ போனால் அந்தத் துண்டை நறுக்கிவிட்டு, புதிதாக உரித்து இறுக்கமாக மாட்டுங்கள். புது ஒயர் மாட்டியவுடன் ஒலி தெளிந்ததாகச் சிலர் சொல்வதில், முனை சுத்தமானதுகூடக் காரணமாக இருக்கலாம். எனவே பழைய ஒயரின் முனையையும் சுத்தம் செய்து, ஒலியளவைச் சமமாக்கி, எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.