பதட்டத்துக்கு சி.பி.டி. தெரபி: நாள்பட நின்றது எது, உதிர்ந்தது எது

முதல் செஷனில் பேச்சு தொடங்கும் முன்பே இரண்டு தாள் கைக்கு வரும். ஒன்று பி.ஹெச்.க்யூ-9, மனச்சோர்வுக்கு; ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். இன்னொன்று ஜி.ஏ.டி-7, பதட்டத்துக்கு, ஏழு கேள்வி, 21 மதிப்பெண். இரண்டுமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கும். 10-ஐத் தொட்டால் சும்மா விடக்கூடாத அளவு. பாளையங்கோட்டைப் பக்கம் பார்க்கும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சி.பி.டி.யை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சு சிகிச்சை) கையாளும் விதத்தை நெடுநாள் பின்பற்றியதை வைத்து எழுதும் மதிப்பீடு இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறைக்குள் பேசும் 50 நிமிடத்தைவிட, அடுத்த செஷன் வருவதற்குள் வெளியே செய்யும் வேலைதான் ஆளைத் தேற்றுகிறது. அதைச் செய்யாதவர்களுக்கு, "கவுன்சிலிங் போனேன், ஒண்ணும் கேக்கல" என்பதுதான் மிச்சம்.

நெஞ்சு படபடப்பு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஈ.சி.ஜி. எடுத்து, வாய்வு என்று பூண்டு தின்று, மந்திரித்துத் திருநீறும் போட்ட பிறகுதான் இங்கே வருகிறார்கள். அதைக் கிண்டல் செய்யாத தெரபிஸ்ட் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் தொடங்குவதில்லை. தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். அதற்கு எத்தனை செஷன் உட்கார்ந்தாலும் பலன் இல்லை.

இந்த முறையில் முதல் மார்க் எக்ஸ்போஷருக்குத்தான், அதாவது பயப்படும் இடத்துக்கே படிப்படியாகப் போய்ப் பழகுவதற்கு. டவுன் பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டும், அதுவும் ஆற்றுப்பாலத்தில் டிராஃபிக்கில் வண்டி நின்றுவிட்டால் அவ்வளவுதான் என்று பயப்படுகிறவரை எடுத்துக்கொள்வோம். பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் கொடுத்து ஏணி போடச் சொல்கிறார்கள். சுலோச்சன முதலியார் பாலத்தின் வண்ணார்பேட்டை முனையில் சும்மா நிற்பது 30. பாலத்தை நடந்தே கடப்பது 40. காலை 11 மணிக்குக் கூட்டமில்லாத பஸ்ஸில் பாளை மார்க்கெட்டில் ஏறி ஜங்ஷனில் இறங்குவது, துணையோடு என்றால் 50, தனியாக என்றால் 65. சாயங்காலம் ஆறு மணிக் கூட்டத்தில், படிக்கட்டுப் பக்கம் ஒட்டாமல் நடுவில் நின்றுகொண்டு போவது 85. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக் கூட்டத்துக்குள் நிற்பது 100.

ஏறும் முன் ஒரு வரி எழுத வேண்டும்: "பாலத்தில் மயங்கி விழுந்துவிடுவேன், 80 சதவீதம் நிச்சயம்." இறங்கியதும் அதன் கீழே, நடந்தது என்ன என்று எழுத வேண்டும். பெரும்பாலும் ஒரே சொல்தான் வரும்: விழவில்லை. காரணம் எளிது. மயக்கம் போட ரத்த அழுத்தம் சரிய வேண்டும். பேனிக், அதாவது திடீரென்று மூளும் கடும் பதட்டம், வரும்போது அது ஏறத்தான் செய்யும். தலை கிறுகிறுக்கும், கை மரத்துப்போகும், ஆள் விழுவது மிக அரிது. (ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு அழுத்தம் நிஜமாகவே சரியும். கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் வேறு பயிற்சி அவர்களுக்கு உண்டு.) பேனிக் சுமார் பத்து நிமிடத்தில் உச்சத்துக்கு ஏறிவிட்டுத் தானாகவே இறங்கும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். உச்சத்தில் இருக்கும்போது வண்ணார்பேட்டையிலேயே பதறி இறங்கிவிடுவது முதலாவது. இறங்கினதும் வரும் நிம்மதியே, இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மூளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும்; அடுத்த முறை பயம் கூடித்தான் வரும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஊன்றுகோல்கள். தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் மாத்திரை அட்டை, கையிலேயே போன், டிரைவருக்குப் பின்சீட். இவை இருக்கும்வரை தப்பித்த பெருமை பாட்டிலுக்குத்தான் போகும். ஏணியின் மேல்படிகளில் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.

திருநீறு விஷயத்தில் அந்த தெரபிஸ்ட் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே பட்டது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போங்கள், தினமும் பூசிக்கொள்ளுங்கள், அதில் தடையே இல்லை. ஆனால் பொட்டலம் பையில் இல்லாவிட்டால் பஸ் ஏற மாட்டேன் என்றால், அது பக்தியாக இல்லாமல் தண்ணீர் பாட்டிலோடு சேர்ந்துவிடுகிறது.

வாரம் ஒரு முறை மட்டும் பஸ் ஏறிப் பார்ப்பது வீண். ஒரே படியை வாரத்தில் நாலைந்து நாள் செய்தால்தான் பிடிக்கும். அறைக்குள் செய்வதும் உண்டு: ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது, சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது. படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது ஆளைக் கொல்லாது என்று உடம்புக்குக் காட்டுவதற்காக. இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

மனச்சோர்வுக்குத் தரும் வேலை வேறு. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்க விடுவதில்லை. முதலில் வேலை, மனசு பின்னால் வரும். ஒரு தாளில் நாளை மணி மணியாகக் கட்டம் போட்டு, செய்த ஒவ்வொன்றுக்கும் சந்தோஷம், செய்து முடித்த திருப்தி என்று இரண்டு எண், 0 முதல் 10 வரை. "குளித்தேன்: 1, 4." "அக்காளுக்குப் போன்: 3, 5." "படுத்தபடி ரீல்ஸ்: 2, 0." ஒரு வாரத் தாளைப் பார்த்தாலே எது ஆளைத் தூக்குகிறது, எது அமுக்குகிறது என்று தெரிந்துவிடும். ராத்திரி மொத்தமாக எழுதினால் காரியம் கெட்டது. சோர்ந்த மனசு நாள் முழுவதற்கும் 0 போட்டுவிடும். காலை, மதியம், மாலை மூன்று வேளை எழுதினால் போதும். இன்னொரு தப்பு, ஆரம்பத்திலேயே அஞ்சு மணிக்கு எழுந்து குறுக்குத்துறை வரை நடை, ஆற்றில் குளியல், யோகா என்று திட்டம் போடுவது. மூன்றாம் நாள் படுத்துவிடுவார்கள். திட்டத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கச் சொல்கிறார்கள்: ஏழு மணிக்குப் பல் தேய்ப்பு, தெருமுனை வரை பத்து நிமிடம், அவ்வளவே.

எண்ணப் பதிவேட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். சூழ்நிலை, உணர்வு, எண்ணம், ஆதரவுச் சான்று, எதிர்ச் சான்று, சமநிலை எண்ணம், மறு மதிப்பெண் என்று ஏழு கட்டம். நாள்பட முதலில் உதிர்வது இதுதான். என்றாலும் இதில் ஒரு நுணுக்கம் மட்டும் என்றைக்கும் உதவும். "இன்டர்வியூல என்ன ஆகுமோ?" என்று கேள்வியாக எழுதினால் அதைச் சோதிக்க முடியாது. "வாயடைத்துப்போய் எல்லாரும் சிரிப்பார்கள்" என்று வாக்கியமாக மாற்றினால்தான் சான்று தேட முடியும். அதேபோல, கடன் நெருக்குகிறது, வீட்டில் அடி விழுகிறது என்பவற்றைத் தப்பான எண்ணம் என்று திருத்தக் கிளம்பும் தெரபிஸ்டிடமிருந்து விலகிவிடலாம். அங்கே தேவை வழி. அடி வாங்கும் பெண்ணுக்கு 181 உதவி எண்.

கவலைக்கென்று நேரம் ஒதுக்குவது சின்னப் பயிற்சி, ஆனால் நின்று பிடிக்கும். சாயங்காலம் இருபது நிமிடம், ஒரே இடத்தில், கட்டிலில் அல்ல. பகலில் வரும் கவலையை ஒரு வரி குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிவிட வேண்டும்.

மருந்து சைக்கியாட்ரிஸ்ட் வேலை. சைக்காலஜிஸ்ட் எழுதித் தர முடியாது. மனச்சோர்வு, பதட்டம் இரண்டுக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதைச் சொல்லாமல் கொடுத்தால் பலர் பத்தாம் நாள் அட்டையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தேறியதும் தானாக நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்பிரஸோலம் போல உடனே அமைதி தரும் மாத்திரை பழக்கமாகிவிடும். பஸ் ஏறும் முன் போட்டுக்கொண்டால் எக்ஸ்போஷர் செய்ததே கணக்கில் வராது. மருந்து மட்டும் போதுமென்றால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓ.பி.க்கே போகலாம். தூக்கம் குறைந்தும் சோர்வே இல்லாமல் ஓடி ஓடிச் செலவு செய்த காலம் முன்பு இருந்திருந்தால் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். பைபோலார் (மனசு அளவு மீறி எழுவதும் சோர்ந்து விழுவதுமாக மாறும் நோய்) என்றால் சிகிச்சையே வேறு.

பி.ஹெச்.க்யூ-9-இன் ஒன்பதாம் கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது. அதில் 0 தவிர எது விழுந்தாலும் அன்றைய வேலை எல்லாம் ஒதுங்கி அதுவே செஷன் ஆகிவிடும். யாரைக் கூப்பிடுவது, இரவில் யார் கூட இருப்பது, வயலுக்கு வாங்கிய மருந்தை வீட்டைவிட்டு எங்கே மாற்றுவது என்று ஒரே தாளில் எழுதி முடிக்கிறார்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-உம் அதில் இருக்கும். இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.

வீட்டாரை ஒரு செஷனுக்கு அழைப்பது உண்டு, சம்மதம் கேட்டபின். "நெஞ்சு வலிக்கால? மூச்சு முட்டுதா?" என்று மணிக்கொரு தரம் அம்மா கேட்பதும் ஒரு ஊன்றுகோல்தான் என்று அப்போதுதான் புரியவரும். நம்ம ஊரில் நாலு தெரு தள்ளி பைக்கை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. போர்டைப் பார்த்துப் போக வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும். கேட்டதும் சொல்ல வேண்டும்.

மொத்தம் 12 முதல் 16 செஷன், வாரம் ஒன்று. ஆறாவது செஷனுக்குள் பி.ஹெச்.க்யூ. ஐந்து புள்ளியாவது இறங்காவிட்டால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. கடைசி செஷனில் திரும்பி வருவதன் முன்னறிகுறிகளை எழுதி வாங்குகிறார்கள். பாதியை வந்தவர் எழுத வேண்டும், பாதியை வீட்டில் ஒருவர் எழுத வேண்டும், ஏனென்றால் போன் எடுக்காமல் விடுவதும் கல்யாண வீட்டுக்குச் சாக்குச் சொல்வதும் அடுத்தவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். அதில் இரண்டு குறி இரண்டு வாரம் நீடித்தால் அந்த இரண்டு தாளையும் வீட்டிலேயே நிரப்பிப் பார்த்து, 10-ஐத் தொட்டால் மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் போன் போட வேண்டும்.