திருகோணமலையில் சப்பாத்து வாங்கப் போகிறவர்களுக்கு

உப்புவெளியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் எனக்கு வேலை. எட்டு மணித்தியாலமும் நின்றபடிதான். கறுப்புச் சப்பாத்து கட்டாயம் என்பதால் போன மாதம் நகருக்குள் ஒரு கடையில் 7,500 ரூபாய்க்கு ஒரு சோடி வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வழமையாகப் போடும் 8 முன்பக்கம் நெரித்தது. "கால் கொஞ்சம் அகலம் தம்பி, 9 போடுங்க. அசல் தோல், போடப் போட இளகி வரும்" என்றார் கடைக்காரர். கதிரையில் இருந்தபடியே ஒரு காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். பில் கேட்டதற்கு, "புத்தகம் முடிஞ்சு போச்சு, நாங்க எங்க ஓடப் போறம்?" என்றார். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அது என் பிழை.

மூன்றாம் நாளே குதிகால் உரிந்தது. இரண்டாம் கிழமை வலது பெருவிரல் நகம் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பெரிய சப்பாத்துதானே, விரல் எப்படி இடிக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் பஸ் நிலையப் பக்கம் செருப்புத் தைக்கும் ஐயா. சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார். "இது மடியிற இடம் இங்க. இப்ப நீங்க குதியைத் தூக்குங்க." என் கால் மடிந்த இடம் அதற்கு அரை விரல் பின்னால் இருந்தது. பாதத்தின் 26 எலும்புகளில் விரல் எலும்புகள் பின்னால் உள்ள நீள எலும்புகளோடு சேரும் மூட்டு வரிசையில்தான் கால் மடங்கும். சப்பாத்தின் ஆக அகலமான பகுதியும் அங்கேதான் அமர வேண்டும். அகலம் காணாதென்று நீளத்தைக் கூட்டினால் அந்தப் பகுதி முன்னே போய்விடும். பிறகு குதி வழுகும், ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னே சறுக்கி நகம் முட்டும். ஆங்கில அளவில் ஒரு எண் கூடினால் நீளம் கிட்டத்தட்ட 8.5 மில்லிமீற்றர் கூடுகிறது. எனக்குத் தேவைப்பட்டது 8இலேயே அகலம் கூடிய ஒன்று.

அப்புறம் ஐயா கழுத்து ஓரத் தையலை ஊசியால் விலக்கிக் காட்டினார். மேலே கறுப்புப் பூச்சு, அடியில் வெள்ளைத் துணி நெசவு. றெக்சின். "தோலெண்டால் அடியில நார் நாரா இருக்கும் மகன். இது எங்க இளகப் போகுது!"

கடைக்குத் திரும்பிப் போனேன். "பாவிச்சதை மாத்த ஏலாது. இங்க வாங்கினதெண்டதுக்கு பில் இருக்கா?" என்று கேட்டார் அதே ஆள். மேசையில் பில் புத்தகம் பாதி எழுதியபடி கிடந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்தான், ஆனால் கையில் எதை வைத்துக்கொண்டு?

அன்று பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், பிஸ்கட் பெட்டி மட்டையில் ஏறி நின்று இரண்டு பாதத்தையும் வரைந்தேன். இடது 25.6 சென்ரிமீற்றர், வலது 26.1. இத்தனை வருடம் இது தெரியாது! நான் கடையில் போட்டுப் பார்த்தது இடது காலில்.

மட்டையை வெட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை சப்பாத்துக்குள் இருக்கும் தட்டை வெளியே எடுத்து, வலது மட்டையை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். பக்கத்தால் பிதுங்கினால் அந்தச் சோடி வேண்டாம். முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடமும் இருக்க வேண்டும். மனேஜர் இரக்கப்பட்டதால் இப்போதைக்குச் செருப்போடு வேலை, நகம் இன்னும் விழவில்லை.